கழற்றாத குழாய்

போன கிழமை அக்கா ஒரு சிறிய பொலித்தீன் பையை என் கையில் தந்தாள். "அத்தான்ட அலுமாரிக்குள்ள கிடந்தது. தம்பிக்கு எண்டு எழுதியிருக்கு," என்றாள். அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பையைத் தடவியதும் குழாயின் கைப்பிடி விரலில் தட்டுப்பட்டது. அத்தான் வீட்டில் பியர் செய்த வாளியில் பூட்டியிருந்த அதே வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். அவிழ்க்க மனம் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய நாற்றம் மூக்கில் ஏறி, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அத்தான் நோர்வேயில் இருபது வருடத்துக்கு மேல் ஒரு பியர் ஆலையில் தொட்டி கழுவியவர். திருகோணமலைக்குத் திரும்பி வந்தபோது, முன்பு துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த கூட்டாளிகள் அதை விடவில்லை. "கழுவப் போனவர் வந்திட்டார்" என்று கண்ட இடமெல்லாம் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் அது அவருக்குச் சுட்டிருக்கிறது. தன் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தன் கையால் பியர் செய்து அவர்களுக்கு ஊற்றுவதென்று நின்றார். "காய்ச்சிறது பெரிய வேலையில்லை தம்பி. கழுவிறதுதான் வேலை. குடிச்சுப் பாக்கட்டும், நான் அங்க என்ன செய்தனான் எண்டு அப்ப விளங்கும்," என்றார். பொலிஸ் வரும் என்று அக்கா புலம்பியது அவர் காதில் விழவே இல்லை. ஆலையில் தொட்டி கழுவும் காரச் சோடா பட்டுப் பட்டு அவருடைய விரல்கள் வெடித்துப் போயிருந்தன. அதனால் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் முதலில் கொண்டுபோனது கருவாட்டுக் கடையில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், எங்கள் பேச்சில் பரல். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கும் அதுதான், நெல்லுக்கும் அதுதான். அத்தான் அதற்குள் தலையை விட்டு ஒரு மூச்சு இழுத்தார். வெளியே எடுத்தபோது கண்ணால் நீர் ஓடியது. "பிளாஸ்டிக் குடிச்ச மணத்தை விடாது. கொண்டுபோம்," என்றார். பிறகு உப்புவெளியில் மூடிக் கிடந்த ஒரு விடுதியில், யாரோ வெள்ளைக்காரன் பியர் புளிக்க வைத்துவிட்டுப் போன வாளி ஒன்று குழாயோடு கிடைத்தது. மூடியைத் திறந்தேன். அடியில் கறுத்த பாசி, அதற்குள் ஊறி வெளுத்த கரப்பான்கள், சுவரோடு ஒட்டிக் காய்ந்த மஞ்சள் நுரை. நாய்கூட முகராது. ஓங்காளித்துக்கொண்டே கிணற்றடிக்குத் தூக்கிப் போனேன்.

எங்கள் அம்மா சட்டி பானை கழுவிய மாதிரியே நானும் கடற்கரை மணலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தேன். வாளி பளிச்சென்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தான் அதை வெயிலில் பிடித்து உள்ளே விரலால் தடவினார். முகம் விழுந்துவிட்டது. "மணல் போட்டனீரோ? ஒவ்வொரு கீறலுக்குள்ளயும் ஊத்தை குடியிருக்கும் தம்பி. இனி இதைப் பாவிக்க ஏலாது." அடுத்த நாள் புது வாளி வாங்கிக் குழாய் பூட்டத் துளை போட்டார். அப்படியான குழாய் மட்டும் ஊரில் கிடைக்கவில்லை. "இதையாவது முழுக்கக் கழட்டி, கொதிதண்ணியில போட்டு எடும்," என்று பழைய குழாயை என்னிடம் தந்தார்.

கழற்றப் பார்த்தேன். பாதி திருகியதும் சளி மாதிரி ஒன்று நூலாக வழிந்து விரலில் சுற்றியது. செத்த மீன் நாற்றம். கையை உதறிவிட்டு, குழாயைத் திரும்ப இறுக்கி, வெளியே மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

"கழட்டினீரோ?"

"ஓம் அத்தான், கழட்டித்தான் கழுவினனான்."

அத்தான் பியரைக் காய்ச்சிப் புளிக்க வைத்து, அந்தக் குழாய் வழியாகவே போத்தல்களில் இறக்கி மூடினார். பிறந்தநாளன்று துறைமுகக் கூட்டாளிகள் ஆறு பேர் வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அத்தான் சலவை வேட்டி கட்டி, கிளாஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துத் துடைத்து வைத்தார். முதல் போத்தலைத் திறந்ததும் நுரை சீறி மேசையெல்லாம் ஓடியது. ஊற்றினார். பியர் கோழையாக, நூல் நூலாக இறங்கியது. உள்ளே குசினி அடுப்புவரை நாறியது. ஒருவர் வாயில் வைத்து அப்படியே முற்றத்தில் துப்பினார். இன்னொருவர், "இருவது வருசம் கழுவின லட்சணம் இதுதானோடா?" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அத்தான் ஒருதரம் என் பக்கம் பார்த்தார். பிறகு தன் கிளாசைக் கடைசிச் சொட்டுவரை குடித்து மேசையில் வைத்தார். "ஓமடா. நான்தான் சரியாக் கழுவேல்லை," என்றார்.

நான் துணி எடுத்து மேசையில் ஓடிய நுரையைத் துடைத்தேன். அவர் பிறகு பியர் செய்யவே இல்லை. எங்கள் ஊர் வெக்கைக்கு எதுதான் பழுதாகாது, அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன்.

நேற்றுத்தான் பையை அவிழ்த்தேன். குழாய் நான்கு துண்டாகக் கழன்று கிடந்தது. உடல், கைப்பிடி, திருகு, ரப்பர் வளையம், ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. அந்த வெடித்த விரல்களோடு திறந்து, உள்ளே இருந்ததைப் பார்த்து, தானே கழுவி வைத்திருக்கிறார். துண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு மணமும் இல்லை. என் கையை மணந்து பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.