நீலப் போத்தலில் தியாகுவின் ஜின்

ஜெர்மனியின் ஹம் நகரில் கேபிள் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தியாகுவை எங்கள் ஆட்கள் மல்லித்தண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கோயிலில் அன்னதானச் சட்டி தூக்கும்போதும், "மல்லித்தண்ணி, அந்தப் பக்கம் பிடியும்" என்பார்கள். அவர் பிடிப்பார். முகம் மாறாது.

பெயரை வைத்தவர் அவருடைய மனைவி பிரபாலினியின் அண்ணன் அரியரத்தினம். தியாகுவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். அதனால் அந்த வீட்டில் கடைசிச் சொல் அவருடையது. எந்தத் தெருவில் வீடு, மகள் ஆதிரைக்கு எந்தப் பள்ளிக்கூடம், என்ன படிப்பு, கடைசியில் எந்த மாப்பிள்ளை, எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. ஆதிரையும் எதற்கும் மாமாவிடமே போவாள். அப்பா என்பவர் வேலை முடிந்து வந்து சோபாவில் நித்திரை கொள்பவர்.

கல்யாணத்துக்கு நாள் வைத்த பிறகு ஒரு நாள், தோழி லாராவோடு வெளியே போய் வந்த ஆதிரை, சப்பாத்தைக் கழற்றியபடி, "இண்டைக்கு ஒரு ஜின் குடிச்சனான் அப்பா. பைன் காடு மாதிரி ஒரு வாசம்" என்றாள். தனக்குப் பிடித்த ஒன்றை மகள் தானாக வந்து சொன்னது தியாகுவுக்குப் புதிது. அவளுடைய கல்யாணத்தில் தன் கையால் ஒன்று இருக்கவேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிடித்தது. "நான் செய்து தாறன். உன்ரை மேசையிலை வைப்பியோ?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். "நல்லா வந்தா வைக்கிறன் அப்பா."

வீட்டில் கசிப்புச் சாராயம் வடிப்பது ஜெர்மனியில் குற்றம். ஆனால் கடையில் வாங்கிய வொட்காவில் வாசனைச் சாமான்களை ஊறவைத்து ஜின் ஆக்கலாம் என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஜூனிப்பர் என்ற கறுத்த சிறு காய் முக்கியம். ஜெர்மன்காரர் அதை முட்டைக்கோவாவோடு சேர்த்து அவிப்பதால் எந்தக் கடையிலும் கிடைத்தது. மல்லியும் ஏலக்காயும் எலுமிச்சைத் தோலும் வீட்டிலேயே இருந்தன.

பிழை வந்தது மல்லியில். அந்தச் சமையலறையில் மல்லி வறுபடாமல் எதிலும் விழுந்ததில்லை. தியாகுவும் மிளகாய்த்தூளுக்கு வறுப்பதுபோலத் தாச்சியில் போட்டு, வாசம் எழும்பும்வரை வறுத்து, சூட்டோடு போத்தலுக்குள் கொட்டினார். ஊறி முடிந்தபோது அது தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. மூடியைத் திறந்தால் தடிமனுக்கும் சளிக்கும் அவித்துக் கொடுக்கும் மல்லித்தண்ணி மணத்தது.

அன்றைக்கென்று அரியரத்தினம் வந்திருந்தார்.

"என்ன மச்சான், வீட்டுக்கை கசிப்புக் காய்ச்சிறீராம்?"

"காய்ச்சேல்லை அத்தான். ஊறவைச்சது."

"ஊறவைச்சதோ? அப்ப ஊறுகாய்." ஒரு வாய் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக் காட்டினார். "பிரபா, உன்ரை மனுசன் எனக்குத் தடிமன் எண்டு நினைச்சு மல்லித்தண்ணி தந்திருக்கிறார்!"

பிரபாலினி சிரித்தாள். ஆதிரையும் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முழுக்கச் சிரித்தது.

தியாகு விடவில்லை. மல்லியை வறுக்காமல் போட்டார். ஜூனிப்பர் காயைக் கரண்டியால் நசுக்கினார். எலுமிச்சைத் தோலில் வெள்ளை ஒட்டாமல் சீவி, கசக்கத் தொடங்குமுன் எடுத்துவிடப் பழகினார். கோப்பி வடிக்கும் தாளில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கல்யாணம் கிட்டியபோது இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த ஜின் வந்தது. ஆதிரை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "சரி அப்பா, வைப்பம்" என்றாள். ஒவ்வொரு போத்தலிலும் அவள் பெயரைத் தன் கையால் எழுதி ஒட்டினார்.

காலையில் கோயிலில் தாலி கட்டி, மாலையில் மண்டபத்தில் விருந்து. போத்தல் பெட்டியோடு வந்த தியாகுவை அரியரத்தினம் வாசலிலேயே மறித்தார். "இதை இப்ப பின்னுக்கு வையும். பிறகு பாப்பம்." மடித்த கதிரைகள் அடுக்கிய அறையில் பெட்டி போய் இருந்தது. மணமக்கள் மேசையில் அரியரத்தினம் வாங்கிய விலையுயர்ந்த ஜின் நீலப் போத்தல்களில் நின்றது.

மாப்பிள்ளையின் ஜெர்மன் நண்பர்கள் நினைத்ததைவிட அதிகம் குடித்தார்கள். கேக் வெட்டுமுன்னமே நீலப் போத்தல்கள் காலியாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை, கடை எல்லாம் பூட்டு. அரியரத்தினம் வெறும் போத்தல்களை அள்ளிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். தியாகுவையும் கூப்பிட்டார்.

"மச்சான், கெதியா உம்மட சாமானை இதுக்குள்ளை ஊத்தும்."

"ஏன் அத்தான், என்ரை போத்திலோடையே வைப்பமே?"

"வீட்டுக் கசிப்பெண்டால் ஆர் தொடுவான்? உம்மட பிள்ளைக்குத்தான் வெட்கம். ஊத்தும்."

எண்ணெய் ஊற்றும் புனலை வைத்து தியாகு ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நீலக் கண்ணாடியில் மஞ்சள் நிறம் தெரியவில்லை. கடைசியில், ஆதிரை, ஆதிரை என்று எழுதிய வெறும் போத்தல்கள் பெட்டியில் நின்றன.

தியாகு மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது லாரா கண்ணாடிக் கோப்பையை மூக்கில் வைத்து, இது முதல் வந்ததைவிட நல்லது, எங்கே வாங்கினீர்கள் என்று ஆதிரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ரை மாமா தேடிப் பிடிச்சது" என்று ஆதிரை ஜெர்மனில் சொல்லி, மாமாவை நோக்கிக் கோப்பையை உயர்த்தினாள். அரியரத்தினம் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் பயப்படாமல் குடியுங்கோ! இண்டைக்கு மல்லித்தண்ணி இல்லை!"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் முடியுமுன் தியாகு மகளிடம் போனார். "பிள்ளை, அது நான் செய்த…"

"அப்பா, உங்கடை ஜின் கதை இண்டைக்கும் வேணுமோ?" அவள் சிரித்த முகம் கலையாமல், பல்லுக்குள்ளால் பேசினாள். "எல்லாரும் பாக்கினம். பேசாமல் நில்லுங்கோ."

பிரபாலினி பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்த கோப்பையை ஒருமுறை முகர்ந்தாள். கிழமைக்கணக்காகத் தன் சமையலறையில் மணத்தது அவளுக்குத் தெரியாமல் போகாது. தியாகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, புருசனின் கோட்டுக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"சிரியுங்கோ," என்றாள். "படம் எடுக்கினம்."

அந்தப் படம் இப்போது அவர்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. நடுவில் அரியரத்தினம், கையில் நீலப் போத்தல். ஓரத்தில் நிற்கும் தியாகு எல்லோரையும்விட நன்றாகச் சிரிக்கிறார்.

சில கிழமைக்குப் பிறகு அரியரத்தினம் தொலைபேசி எடுத்தார். "மச்சான், என்ரை கூட்டாளி வீட்டிலை ஒரு பிறந்தநாள். அண்டைக்கு வந்த மாதிரியே வேணும். ஒண்டும் எழுதி ஒட்டிப்போடாதையும், என்ன?"

"ஓம் அத்தான்" என்றார் தியாகு.

மல்லியை அளந்து வைத்துவிட்டு, கல்யாணத்திலிருந்து திரும்பி வந்த போத்தல்களைச் சுடுதண்ணீரில் போட்டார். அன்று நல்ல பசையாகப் பார்த்து வாங்கியிருந்தார். கடதாசி லேசில் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.