பட்டினப்பாக்கத்திலிருந்து நீலாங்கரைக்கு, படகைத் தொடாமல்

சென்னைக்கு வருபவர்கள் கரையில் நின்று கடலைப் பார்ப்பார்கள். கடலில் கிடந்தபடி சென்னையைப் பார்க்க எனக்கு ஒரு காரணம் வாய்த்தது. போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டினப்பாக்கத்தில் இறங்கி நீலாங்கரை வரை எட்டு கிலோமீட்டர் நீந்தினேன். வயது நாற்பத்து மூன்று, வீடு மேற்கு மாம்பலம். நீங்களும் குதிக்க நினைத்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டுக் குதியுங்கள்.

காரணம் என் மகன் கவின். பன்னிரண்டு வயது. அவனுக்குத் தசைச் சிதைவு நோய். வருடத்துக்கு வருடம் உடம்பின் வலு குறைந்துகொண்டே வரும். ஒன்பது வயதோடு நடை நின்றுபோனது, இப்போது சக்கர நாற்காலி. இந்த நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்கு நிதி திரட்டத்தான் இந்தக் கடல் நீச்சல் போட்டியில் சேர்ந்தேன். நான் முழுத் தூரமும் நீந்தினால் பணம் தருவதாக அலுவலகத்தாரும் எங்கள் குடியிருப்புக்காரர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாதியில் துணைப்படகில் ஏறிவிட்டால் ஒன்றும் கிடையாது. அந்த மருந்து கவினுக்கு உதவும் காலத்தில் வராமலே போகலாம். மருத்துவர் எங்களிடம் அதை மறைக்கவில்லை, நாங்களும் அவனிடம் மறைக்கவில்லை. "அப்போ வேற யாருக்காவது வரும்ல?" என்று கேட்டான். பிறகு, தானும் படகில் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைப்படகு உண்டு. முக்கியமான விதி ஒன்றுதான்: கரையேறும்வரை படகை நாம் தொடக் கூடாது, படகில் இருப்பவர்களும் நம்மைத் தொடக் கூடாது. தொட்டால் அங்கேயே கதை முடிந்தது. குடிதண்ணீர்கூட நீளக் கம்பின் நுனியில் கட்டிய வலைப்பையில்தான் வரும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் கணவரும் கவினும் ஆட்டோவில் கிளம்பினோம். நாற்காலியை மடித்து ஏற்றியதற்கும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய். பாண்டி பஜார் இத்தனை அகலம் என்பது அந்த நேரத்தில்தான் தெரிகிறது. லஸ் முனையில் ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. எதுவும் சாப்பிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அப்பாவும் பிள்ளையும் என் கண்ணெதிரே வடை தின்றார்கள்.

படகுக்காரர் லூர்து பட்டினப்பாக்கத்து மீனவர். டீசலோடு வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால்களை அறுத்து, படகின் நடுவில் கயிற்றால் இறுகக் கட்டி வைத்திருந்தார். அது நாங்கள் கேட்காமல் அவராகவே செய்தது. "வா நைனா, நீதான் கேப்டன்" என்று சொல்லி, மீன்கூடையைத் தூக்குவதுபோல் கவினை அள்ளி அதில் வைத்தார். வீட்டில் நாங்கள் தூக்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். கவின் உயிர்காப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டான். அரை மணிக்கு ஒருமுறை ஊதி என்னைத் தண்ணீர் குடிக்க அழைப்பது அவன் வேலை. கண்காணிப்பாளராக நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார். கணவர் அதே ஆட்டோவில் சக்கர நாற்காலியோடு நீலாங்கரைக்குப் போனார்.

"இன்னாமா, பஸ்ல போனா அர மணி நேரம். நீ இன்னாடான்னா நீஞ்சிக்கினு போறேன்ற" என்றார் லூர்து. எனக்கும் அதே சந்தேகம்தான். ஆறரைக்கு இறங்கினேன்.

தெற்கே நீந்தும்போது வலப்பக்கம் மூச்செடுத்தால் ஊர் தெரிந்தது, இடப்பக்கம் மூச்செடுத்தால் கவின் தெரிந்தான். சாந்தோம் கோபுரம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. அடையாறு கடலில் கலக்கும் இடம் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும். தண்ணீர் கறுத்துக் கனத்து, வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. உடைந்த பாலத்தைத் தாண்டியதும் அடர்த்தியாக மரங்கள், அதன் பிறகு பெசன்ட் நகர். நான் அன்றாடம் நெரிசலில் மாட்டிக்கொண்டு திட்டும் ஊர், ஒரு சத்தமும் இல்லாமல் பக்கத்தில் நகர்ந்து வந்தது.

அஷ்டலட்சுமி கோயில் கோபுரம் நேரே தெரிந்தபோது இடது தோளில் நெருப்பை வைத்ததுபோல் இருந்தது. ஜெல்லி மீன். ஐயோ என்று கத்தியதில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய் மூச்சுத் திணறியது. படகு சட்டென்று அருகே வந்தது. லூர்து குனிந்து கையை நீட்டிவிட்டார். என் கையும் தானாக மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

விசில் அலறியது. "தொடாதீங்க அண்ணா! அம்மா கேக்கல!"

"தோள் செவந்து கீதுடா! பாத்துக்கினு குந்த சொல்றியா?"

"கேட்டுட்டுத் தூக்குங்க. என்னைத்தான் யாரும் கேக்கவே மாட்டாங்க."

லூர்து அவனைப் பார்த்தார், பயிற்சியாளரைப் பார்த்தார். அவரும் கவின் சொல்வது சரி என்று தலையசைத்தார். லூர்து நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "இன்னாமா, தூக்கட்டா?" என்றார். அப்படிக் கேட்டதும்தான் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்கு உறைத்தது. "வேணாம்" என்றேன். மல்லாந்து கொஞ்ச நேரம் மிதந்தேன். வலி ஒன்றும் குறையவில்லை, மூச்சு மட்டும் சீரானது.

திருவான்மியூருக்குப் பிறகு பார்க்க அடுக்குமாடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. கோபுரத்தையும் முடிவிடத்தில் நட்ட கொடியையும் தேடுவதை விட்டுவிட்டு இடப்பக்கமே அதிகம் மூச்செடுத்தேன். மூன்றேகால் மணி நேரம் கழித்து நீலாங்கரை மணலில் கால் பட்டது. தள்ளாடிக்கொண்டு கொடியைத் தாண்டினேன். கணவர் ஓடி வந்து துண்டைப் போர்த்தினார். முழுத் தூரமும் கணக்கில் ஏறியது, சொன்னவர்கள் எல்லோரும் பணம் அனுப்பினார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள், அனுமதி வாங்கி, துணைப்படகோடு நடத்தும் போட்டியில் மட்டும் சேருங்கள். நான் சோம்பல்பட்டுக் கை இல்லாத நீச்சலுடை போட்டுக்கொண்டேன். நீங்கள் முழுக்கை போடுங்கள். அடையாறு முகத்துவாரத்தை நன்றாக விலகிக் கடக்கும்படி படகுக்காரரிடம் சொல்லுங்கள். நடக்க முடியாத பிள்ளையைப் படகில் கூட்டிப்போனால், கடைசியில் இறக்குவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது.

அலை இருந்ததால் லூர்து படகை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தியிருந்தார். துண்டை உதறிவிட்டு மறுபடியும் இறங்கிப் போனேன். வழக்கம்போல் கவினின் அக்குளுக்குள் கையை நுழைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.

"தூக்கட்டுமாடா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். "இரும்மா. இன்னும் கொஞ்ச நேரம்."

கரையிலிருந்து கணவர் என்ன ஆயிற்று என்று கூப்பிட்டார். லூர்து எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். இப்போது படகைத் தொடலாம். அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லும்வரை நின்றேன்.