மாயப்பெண்ணின் மூன்றாவது உருவம்

நினைத்த உருவம் எடுக்கும் மாயப்பெண்ணின் கதை அந்தப் படம். கிளியாவாள், பாம்பாவாள். அரக்கன் கூண்டில் அடைத்ததும் சின்னப்பெண்ணாகிக் கம்புகளுக்கு நடுவே நழுவி வெளியே வருவாள். அந்தச் சின்னப்பெண் நான்தான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வடபழனியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு சினிமாவில்தான் வேலை. அப்பா செட் ஆசாரி. அந்த மூங்கில் கூண்டு அவர் செய்தது. அன்றைக்கு நான் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கோடு ஸ்டூடியோவுக்குப் போனபோது உள்ளே எல்லோரும் கடுகடுவென்று இருந்தார்கள்.

இப்போது உருவம் மாறுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களாம். அப்போது கதாநாயகி கூண்டுக்குள் சாக்பீஸ் குறியில் நிற்பாள். கேமராவை நிறுத்துவார்கள். அவள் விலகியதும் அதே குறியில், அதே மாதிரி, சின்னப்பெண் நிற்க வேண்டும். அசைந்தால் எல்லாம் கெட்டுவிடும். கூட்டி வந்திருந்த பெண்ணோ சிரித்துச் சிரித்து மூன்று தடவை கெடுத்துவிட்டாள்.

அப்பா டைரக்டரிடம் போய், "எம்பொண்ணு நிப்பா சார்" என்றார்.

லைட்டுக்காரர் சிரித்தார். "இன்னா ஆசாரி, பேரு கேட்டாலே அழுவுமே உம்பொண்ணு."

"பேசவா சொல்றாங்க? நிக்கத்தானே. அசைஞ்சா நாளைக்கு நான் வேலைக்கு வர்ல."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

கதாநாயகி உடுத்தியிருந்தது போலவே சின்னதாகத் தைத்ததை எனக்கு மாட்டினார்கள். அவளே என் கையைப் பிடித்துக் குறியில் நிறுத்தினாள். அவள் கை சில்லென்று ஈரமாக இருந்தது. மாயம் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரையும் பாக்காத. அந்த விளக்க மட்டும் பாரு. நான் அப்டித்தான் பண்ணுவேன்" என்றாள் மெதுவாக.

புகை போட்டார்கள். கண் எரிந்தது. பாடம் வாசிக்க வாய் திறக்காததற்காக இரண்டு வருஷமாக வாத்தியார் என்னை பெஞ்சுமேல் நிற்க வைத்திருந்தார். அசையாமல் நிற்பதில் அந்த ஸ்டூடியோவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சொன்னதும் உடம்பை ஒருக்களித்துக் கூண்டுக்கு வெளியே வந்தேன். ஒரே தடவைதான். டைரக்டர் ஓகே என்றார். லைட்டுக்காரரே கைதட்டினார். அப்பா தூக்கைத் திறந்து முதல் கவளத்தை என் வாயில் வைத்தார்.

படம் வந்தபோது தெருவே கொட்டகையில் இருந்தது. புகை விலகி நான் நின்றேன். கூண்டைத் தாண்டியதும் தரை டிக்கெட்டில் விசில் பறந்தது.

மறுநாள் வாத்தியார் வழக்கம்போல என்னை வாசிக்கச் சொன்னார். நான் யாரையும் பார்க்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தேன். முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்தேன். உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த பக்கத்தையும் வாசித்துவிட்டேன்.

அந்த மாயப்பெண்தான் எனக்குள் புகுந்து வாசித்தாள் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு என் கல்யாணத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்த வீட்டுக்காரர் குனிந்து, "இன்னா, கை இப்டி சில்லுன்னு நனைஞ்சி கீது?" என்றார்.

அத்தனை பேர் பார்க்க, அத்தனை விளக்குகளுக்கு நடுவே நின்ற அந்தக் கதாநாயகியின் ஈரக் கை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.