வேலுமணியின் இரண்டு நிறம்

அஸ்தம்பட்டியில் கோகிலவாணியின் ஸ்டுடியோ எங்கே என்றால் யாரும் வழி சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று முகூர்த்த நாளில் அவளைப் பிடிக்க முடியாது. மாடியில் அவள் செய்கிற இன்னொரு வேலை சிலருக்குத்தான் தெரியும். உடுப்பில்லாத உடலைக் கலைப்படமாக எடுப்பாள். வருகிறவர்கள் தாங்களாக விரும்பி வரும் பெண்கள். ஒரு நர்ஸ், ஒரு நடன ஆசிரியை, பிள்ளை பெற்றபின் தன் வயிற்றைத் தானே பார்க்கக் கூசிய ஒரு வங்கி ஊழியர். படத்தை முதலில் அவர்கள்தான் பார்ப்பார்கள். வேண்டாம் என்றதை அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுவாள். அந்த நம்பிக்கையில்தான் ஆள் வந்துகொண்டிருந்தது.

சம்மதித்தவர்களின் படங்களைக் கோகிலவாணி ஒருமுறை பெங்களூருக்கு எடுத்துப் போனாள். அங்கே கலைக்கூடம் நடத்தும் அறிவுச்செல்வி அவற்றை நிதானமாகப் பார்த்தாள். "எல்லாம் அழகா இருக்கு. ஆனா எல்லாமே முதுகு, நிழல், திரும்பின முகம். உங்களுக்கு இது கை பழகிப்போச்சு. ஒரு ஆணை எடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

அந்தக் கேள்வி ரயிலில் கூடவே வந்தது. கூச்சம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று கோகிலவாணிக்கே தெரிந்தது. பெண் உடம்பு அவள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற ஊர். ஆண் உடம்பில் வெளிச்சத்தை எங்கே விட வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று எதுவும் தெரியாது. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறும்போது, தெரியாததை எடுத்துப் பார்க்கிற ஆசை பயத்தைவிடப் பெரிதாகியிருந்தது.

அப்போது மழைக்காலம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போகும் கணவன் வேலுமணி வீட்டில் இருந்தான். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, உங்களைப் படம் எடுக்கட்டுங்களா? மாடியில எடுக்கறாப்புல."

வேலுமணி சோறு பிசைவதை நிறுத்தினான். "ரிக்குல கெடக்கறவன எடுத்து என்ன அம்மிணி பண்ணப் போற?"

"தெரியலீங்க. எடுத்தாத்தான் தெரியும். எப்ப வேண்டாம்னாலும் சொல்லுங்க, நிறுத்திக்கலாம்."

ரசம் ஊற்றிக்கொள்ளும்வரை யோசித்துவிட்டுச் சரி என்றான்.

முதல் நாள் ஒன்றும் தேறவில்லை. வழக்கம்போல் கறுப்புத் திரை கட்டி, ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் வைத்திருந்தாள். வேலுமணி வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். படங்களைப் பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடை பொம்மையாட்ட இருக்கறேன்" என்றான். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் அவள் மறுபடி பார்த்தாள். அவனுக்கே உரியது எதுவோ அதையெல்லாம் அவள் போட்ட இருட்டு விழுங்கியிருந்தது. முகம், கழுத்து, முன்னங்கை கருவேலங்கட்டை. சட்டைக்குள் இருந்த உடம்போ புதுப் பானை நிறம். வெயில் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்திருந்தது.

மறுநாள் காலையில் திரையைச் சுருட்டினாள். ஜன்னல்களைத் திறந்து மெல்லிய வேட்டித்துணியை மட்டும் கட்டினாள். தூரத்திலிருந்து எடுக்கிற லென்ஸைக் கழற்றி வைத்தாள். இனி கிட்டே போய்த்தான் ஆக வேண்டும்.

"போர் போடறப்போ தண்ணி வருமான்னு பாத்துக்கிட்டு உக்காருவீங்கல்ல? அப்படி உக்காருங்க."

குந்தி உட்கார்ந்தான். கேட்காமலே ஒரு கதை வந்தது. வெறும் பாறைத்தூளாகப் பறந்துகொண்டிருந்த ஒரு வயற்காட்டில், வண்டியைக் கிளப்பலாம் என்கிற நேரத்தில் தண்ணீர் பீறிட்ட கதை. சொல்லச் சொல்ல வயிறு தளர்ந்தது, தோள் இறங்கியது. விலாவில் இரும்புக்குழாய் கிழித்த தழும்பு வெளிச்சத்துக்கு வந்தது. அவள் இன்னும் ஓரடி கிட்டே போனாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் பகல் வெளிச்சத்தில் அவனை இப்படி முழுதாகப் பார்த்ததில்லை. ஒளிந்துகொள்ள நிழல் தேவையில்லாத ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

படங்களை வேலுமணிதான் பொறுக்கினான். அவற்றைத் தன் கலைக்கூடக் கண்காட்சியில் வைக்க அறிவுச்செல்வி கேட்டாள். "முகம் தெரிய வேண்டாமுன்னா வெட்டிடறேனுங்க" என்று கோகிலவாணி அவனிடம் சொன்னாள்.

"இருக்கட்டும். தலையில்லாம வெச்சா எவனோன்னு நெனப்பாங்க. இது என்னோட உடம்பு."

விஷயம் ஊருக்குக் கசிந்தது. பரமத்தி வேலூர்க் கல்யாண வீடு ஒன்று வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. "சரிங்க, நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லி அந்த முகூர்த்தத்தன்று அவள் பெங்களூருக்குப் போனாள். புதிதாகத் தைத்த வெள்ளைச்சட்டையில் வேலுமணியும் உடன் போனான். தன் படத்தின் பக்கத்திலேயே நின்று, வந்தவர்களுக்கு அந்தத் தழும்பு எப்படி வந்ததென்று விளக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பிய வாரம் கோகிலவாணிக்கு ஒரு போன். வேலுமணியோடு ரிக் ஓட்டும் காளியண்ணன்.

"தங்கச்சி, என்னைய எடுத்தா நல்லா இருக்குமுங்களா? எனக்குத் தொந்தி இருக்குது."

"இருக்கட்டுங்ண்ணா. மொதல்ல சும்மா வாங்க, டீ குடிச்சுட்டுப் பேசலாம். உங்களுக்குச் சரின்னு பட்டாத்தான் கேமராவ எடுப்பேன்" என்றாள்.