உளுந்து ஊறினால் ஒத்திகை

பட்டு மாமியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவள். எந்த அதிகாரி என்றைக்குத் திடீர் ஆய்வுக்கு வரப்போகிறார் என்பது அந்த அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. கணவர் பஞ்சாபகேசனோடு நாகமலை புதுக்கோட்டையில் ‘அந்திச்சோலை’க்குக் குடிவந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தாள்.

அந்திச்சோலையை முதியோர் இல்லம் என்று சொன்னால் மேனேஜர் ராம்கிக்கு முகம் சுருங்கிவிடும். சீனியர் லிவிங் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே தரைத்தளம், மேலே இரண்டு மாடி, ஒரு லிஃப்ட், ஜன்னலைத் திறந்தால் மலை. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் பச்சைப் பலகையில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருப்பான். அந்தக் கட்டடத்தில் ஓடக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு ராம்கியிடம் ஏகப்பட்ட விதிகள் இருந்தன. அதில் ஒன்றுதான் பட்டுவின் நிம்மதியைக் கெடுத்தது. மணி அடித்தால் லிஃப்ட் ஓடாது. யார் துணையும் இல்லாமல் படியிறங்கி வாசல் வேப்பமரத்தடிக்கு வரக்கூடியவர்களுக்கு மட்டும்தான் மாடி அறை. முடியாதவர்கள் தரைத்தளத்துப் பராமரிப்புப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அங்கே முடியாதவர்களுக்குத்தான் கட்டில். நன்றாக நடமாடுகிற மனைவி பார்வை நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

நியாயமான விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஞ்சாபகேசனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. சமதரையில் கைத்தடியோடு ராஜநடை நடப்பார். படியைக் கண்டால் சிலையாகிவிடுவார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கல்யாணமான காலத்திலிருந்து பாதி ராத்திரிகள் அவர் ஏதோ ஒரு ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்தார், பட்டு வீட்டில் தனியாக இருந்தாள். அவர் ரிட்டயரான பிறகுதான் அவருடைய குறட்டையை அவள் முழுசாகக் கேட்கிறாள். அதைத் தரைத்தளத்துக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

இந்த விதிகளைச் சோதிக்கிற தீ ஒத்திகை எப்போது நடக்கும் என்பதை ராம்கி யாரிடமும் மூச்சு விடமாட்டான். பரம ரகசியம். ஆனால் ஒத்திகை முடிந்ததும் வேப்பமரத்தடியில் பாதுகாப்பைப் பற்றி நீளமாகப் பேசுவான். சும்மா பேசினால் யார் நிற்பார்கள்? அதனால் மெதுவடையும் காபியும் உண்டு. காலையில் வெந்நீர் வாங்கச் சமையலறைக்குப் போகிற பட்டுவின் கண்ணில், இட்லிக்கு ஊறுவது போக இன்னொரு அண்டா உளுந்து பட்டது. அவளுக்கு அது போதும்.

அதற்கப்புறம் இரண்டாவது அண்டா ஊறிய நாளெல்லாம், மத்தியானத் தூக்கம் முடிந்த கையோடு பஞ்சாபகேசனை லிஃப்டில் இறக்கி, ஹாலில் பேப்பரோடு உட்கார வைத்துவிடுவாள். மணி அடித்ததும் அவர் எழுந்து எல்லாருக்கும் முன்னால் மரத்தடியில் போய் நிற்பார். இந்த வயதில் சாரைப் பாருங்கள் என்று ராம்கி புகழ்வான். அவரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கைகூப்புவார்.

மற்றவர்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டா இருப்பார்கள்? பஞ்சாபகேசன் லிஃப்டில் இறங்கினால் அன்றைக்கு மணி அடிக்கும் என்பது மாடியெல்லாம் பரவிவிட்டது. மூட்டுவலி, இடுப்புவலி, தலைசுற்றல் எல்லாம் அவர் பின்னாலேயே இறங்கிவந்து ஹாலில் டிவி பார்த்தன. ஒவ்வொரு ஒத்திகையிலும் கட்டடம் கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. முதலாளி வந்து ராம்கிக்குச் சால்வை போர்த்திவிட்டுப் போனார்.

அப்புறம் ஒருநாள், ஊறாத உளுந்துக்கு மணி அடித்தது.

மாடி வராந்தாவில் கூட்டம் கூடியதே தவிர யாரும் இறங்கவில்லை. பட்டு மாமியே மேலே நிற்கிறாள், ஆகவே இது ஒத்திகை இல்லை என்று முடிவானது. ஒத்திகை இல்லையென்றால் மணியில் ஏதோ ஒயர் கோளாறு என்று அவரவர் கட்டிலுக்குத் திரும்பினார்கள். ஒயர் கோளாறு என்பது வாஸ்தவம்தான். கீழே சுவிட்ச் போர்டு எரிந்துகொண்டிருந்தது. புகை மாடியேறி வந்த பிறகுதான், ஒத்திகை எதற்காக நடத்துகிறார்கள் என்பது அவர்களுக்கு நினைவு வந்தது.

பஞ்சாபகேசன் முதல் படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “நீ போடி, நான் வரேன்” என்றார். பட்டு நகரவில்லை. அவர் கால்கள் நடுங்குவதைப் பார்த்தபோது, இத்தனை நாளும் தான் செய்த காரியம் என்னவென்று அவளுக்கு உறைத்தது. உசிலம்பட்டிக்காரரான வாட்ச்மேன் முத்திருளன் மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்து அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். “இம்புட்டு நாளா எப்புடிய்யா எறங்குனீக?” என்று இறங்கும்போதே கேட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீ அணைந்தது, குட்டு உடைந்தது. மறுநாளே பஞ்சாபகேசனைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டான் ராம்கி. பட்டு வாதாடவில்லை. அவர் கீழே இருக்க வேண்டியவர் என்பதை அந்தப் படியில் அவளே பார்த்துவிட்டாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறதே, அதை எனக்குக் கொடு என்று மட்டும் கேட்டாள். விதி இடம் கொடுக்கவில்லை. உங்களுக்கு என்ன மாமி, கல்லு மாதிரி இருக்கீங்க என்று ராம்கி சிரித்தான். தன் உடம்பு நன்றாக இருப்பதை நினைத்து வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அழுதாள். பார்வை நேரம் முடிந்ததும் மாடிக்குப் போனாள்.

அடுத்த ஒத்திகைக்கு வடையை நிறுத்திவிட்டுப் பிஸ்கட் ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லாரும் இறங்கியதும் ராம்கி ஆட்களை எண்ணினான். ஒருவர் குறைந்தார். மேலே போய்ப் பார்த்தால், இரண்டாம் மாடிப் படியில் பட்டு மாமி உட்கார்ந்திருந்தாள்.

“முடியலைப்பா. முழங்கால் வரமாட்டேங்கறது.”

“காலையில பூக்கூடையோட விறுவிறுன்னு ஏறுனீங்களே மாமி. நானே பார்த்தேன்.”

“ஏறினேன். உன் விதி எறங்கறதுக்குத்தானே?” என்றாள் பட்டு. “எனக்கு எறங்க வரலை.”

ராம்கி கைப்பிடிக்கு மேலாகக் குனிந்து கீழே குரல் கொடுத்தான்.

“முத்திருளண்ணே, நாற்காலி ஒண்ணு கொண்டுட்டு வாங்க. அப்படியே மாமி பெட்டியையும் எறக்கிருவோம்.”