பாதி மூட்டை

மேனேஜர் ஐயா. அவர் வீட்டம்மா. மகள். மருமகன். மந்திரம் சொல்ல ஐயர். பந்தல்காரர். சமையல்காரர்கள். சொந்தபந்தம் ஒரு நூறு பேர். அப்புறம் எங்கள் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற பத்துப் பேர். அவர்களுக்கு மேஸ்திரி நான். மூணு வருசத்துக்கு முந்தி ஒரு ஐப்பசி மாசம், புதுவயல் பக்கம் ஒரு மண்டபத்தில் இத்தனை பேரும் இருந்தோம். மேனேஜருக்கு அறுபதாங் கல்யாணம்.

நான் அஞ்சாவதோட நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. இதை எழுதணும்னு தோணுச்சு.

முதலாளி சென்னையில். மில் முழுக்க மேனேஜர் கையில். இருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறதில் வந்த பழக்கம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் மாறலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அரிவாளோட நிற்பார். கரையில் மண்டின கருவேலத்தை வெட்டுவார். யாரையும் வான்னு கூப்பிட்டதில்லை. அவர் வெட்டுவதைப் பார்த்து நாங்களும் போவோம்.

அன்னைக்கு மூணாம் நாள் மழை. மண்டபத்தில் மேனேஜரையும் அம்மாவையும் பலகையில் உட்கார வைத்து, கலசத் தண்ணியை ஊத்திக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் போன் என் கையில் இருந்தது. அடித்தது. எங்கள் தெருக்காரர்.

"மடைக்குத் தெக்க கரை அறுக்குது. மேனேஜரக் கூப்புடு."

கரைக்குக் கீழேதான் எங்கள் தெரு. மூணாவது வீடு என் வீடு. உள்ளே என் பொஞ்சாதி, கைக்குழந்தையோட மக.

ஓடிப்போய் மேனேஜர் காதில் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் கேட்டிருந்தது.

"இங்க ஊத்துற தண்ணி போதும். அங்க போற தண்ணியப் பாருங்க"ன்னு எழுந்துவிட்டார்.

ஐயர் பதறினார். "தாலி இன்னும் கட்டலையேம்மா, நேரம் தப்பிடும்."

"முப்பத்தஞ்சு வருசமா ஒண்ணு கழுத்துலதான் கெடக்கு சாமி. எங்கயும் ஓடிறாது."

மேனேஜர் ஈர வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தல்காரரிடம், "பந்தலப் பிரி. சவுக்குக் கம்பு பூராம் கரைக்கு வரட்டும்" என்றார்.

"ஐயா, இன்னும் மாலையே கழத்தல. பந்தலப் பிரிக்கச் சொல்றீகளே!"

"நனஞ்ச மாப்பிள்ளைக்குப் பந்தல் எதுக்குய்யா?"

என்னிடம் ஒன்றுதான் கேட்டார். மில்லில் காலிச் சாக்கு எத்தனை? ஐநூறு தேறும் என்றேன். களம் போடக் கொட்டி வைத்திருந்த சரளை மண்ணை நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

நாங்கள் பதினோரு பேரும் மில்லுக்குப் பறந்தோம். அப்படி ஒரு வேகம் எங்களுக்கே தெரியாது. மூட்டை பிடிக்கிறது எங்கள் தொழில். வாய் முட்ட நிரப்பினோம். குலுக்கினோம். மிசினில் தைத்தோம். ஒவ்வொன்றும் கல் மாதிரி. லாரியில் ஏத்தும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இந்த மூட்டையை எந்தத் தண்ணி அசைக்கும்?

கரையில் போய்ப் பார்த்தோம். உடைப்பு ஒரு ஆள் அகலம். செந்தண்ணி சத்தம் போட்டு விழுகிறது. ரெண்டு ரெண்டு பேராப் பிடித்து உருட்டி இறக்கினோம்.

நிற்கவில்லை. ஒன்றுமேல் ஒன்று வைத்தால் வழுக்கி உருண்டது. சந்தில் தண்ணி பாய்ந்தது. பாய்ந்த தண்ணி பக்கத்து மண்ணையும் சேர்த்து அறுத்தது. இருபது மூட்டை கண்முன்னே போய்விட்டது. உடைப்பு மாட்டுவண்டி போகிற அகலம் ஆகிவிட்டது. கீழே தெருவில் பொம்பளைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அதில் என் மகளும் நின்றாள்.

அப்போதுதான் அம்மா வந்தார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார்.

"மேஸ்திரி, இது மூட்டையா, சம்பந்தி வீட்டுத் திண்டா? உருளாம என்ன செய்யும்? பாதி மண்ணக் கொட்டுங்க. வாயத் தைக்காதீக. மடிச்சு அடியில குடுங்க. சப்பையா உக்காரும்."

அவர் பிறந்த வீட்டு வயல் எல்லாம் கண்மாய்க்குக் கீழே. வருசா வருசம் கரை அடைத்த குடும்பம். முப்பது வருசமா மூட்டை தூக்குகிற எனக்கு இது தெரியலை. லாரியில் நிற்கிற மூட்டை வேற. தண்ணியில் நிற்கிற மூட்டை வேற.

எனக்குக் கை ஓடலை. மேனேஜர் இடுப்பளவு சேற்றில் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "தப்பு எம்மேலதான்யா" என்றேன்.

"அதப் பெறகு பேசலாம். ஆளுகளப் பிரிச்சு நிறுத்து. நீ சொல்ற எடத்துல நான் நிக்கிறேன்."

மருமகன் பெங்களூரில் வேலை. பட்டுச் சட்டையோட வந்து, "மாமா, நான் எங்க நிக்கட்டும்?" என்றார்.

"என்னையக் கேக்காதீக மாப்பிள்ளை. மேஸ்திரியக் கேளுங்க."

மறுபடியும் உயிர் வந்தது எனக்கு. கத்த ஆரம்பித்தேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்ததே அன்னைக்குத்தான் தெரியும். தையலை அறுங்க! பாதியைக் கொட்டுங்க! ஒரு மூட்டை ரெண்டு மூட்டை ஆனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் லாரியிலிருந்து உடைப்பு வரைக்கும் வரிசை கட்டினார்கள். பந்தல்காரர் சவுக்குக் கம்பை ரெண்டு வரிசையா அடித்து இறக்கினார். கம்புக்கு நடுவே பாதி மூட்டையைச் செங்கல் அடுக்குகிற மாதிரி மாத்தி மாத்தி வைத்தோம். முதல் மூட்டை உட்கார்ந்தது. அசையலை. ரெண்டாவது. அசையலை. "உக்காந்துருச்சுடா!"ன்னு எவனோ கத்தினான். நானும் கத்தினேன். பாம்பு ஒன்று காலைச் சுற்றிப் போனது. யாரும் அதைச் சட்டை செய்யலை.

சாப்பாட்டு நேரம் தாண்டி, தண்ணிச் சத்தம் அடங்கியது. வடிகிறது நின்றது. மருமகன் ஒரு விசில் அடித்தார் பாருங்க, கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது.

சமையல்காரர்கள் அண்டாவோட கரைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் தெரு பூராம் கல்யாணச் சாப்பாடு. மேனேஜர் சாயங்காலம்தான் தாலி கட்டினார். கையில் சேறு காயலை.

ஒரு வாரம் காத்திருந்தேன், கூப்பிட்டுத் திட்டுவார் என்று. திட்டலை. கேட்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையில் அவர் நின்றார். நானும் போனேன்.

தப்புச் செய்த கையிலேயே வேலையைத் திருப்பிக் கொடுத்தார். அதுக்குப் பிறகு என் ஆள் எவன் தப்புச் செய்தாலும், அந்த வேலையை நான் அவனிடமிருந்து பிடுங்கினதில்லை.

எங்கள் தெருவில் மொத்தம் அறுபத்தெட்டு வீடு. அன்னைக்கு ஒன்றிலும் தண்ணி ஏறலை.