மெமரி போர்டில் மூன்று சந்தனப் பொட்டு

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. அதுவும் ஏ.சி. அறையில்.

ஸ்க்ரூ டிரைவர் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் கையில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூடிக்குள் அவர் என்ன பார்க்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் நான் மேனேஜராகக் காலம் தள்ளுவது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததல்ல. போன வருஷம் எங்கள் தாளாளர் கம்ப்யூட்டர் வாங்கினார். கண்ணாடி அறைக்குள் பெரிய மெஷின் ஒன்று. வெளியே அதோடு ஒயரில் கட்டிய நாலு திரைகள். திரைகள் எதுவும் சொந்தமாக யோசிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளே இருக்கும் பெரியவர்தான் யோசிப்பார்.

அவருக்குத்தான் ஏ.சி. தாளாளருக்கே மின்விசிறிதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சத்தம் போட்டுப் பேசக்கூடாது... இவ்வளவு மரியாதை உள்ள ஒரு இடத்தில் பொட்டு வைக்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

ஆயுத பூஜை அன்று பஸ் இன்ஜினுக்கெல்லாம் பூஜை முடித்துவிட்டு, டிரைவர் பழனிச்சாமியும் நானும் சந்தனக் கிண்ணத்தோடு அந்த அறைக்குப் போனோம். மூடியின் மேல் ஒரு பொட்டு வைக்கப் போனேன். பழனிச்சாமி தடுத்தார். அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்.

“ஏனுங்க சார், லாரிக்குக் கதவுல மட்டும் பொட்டு வெச்சுட்டு உட்டுருவமுங்களா? பானட்டைத் தொறந்து இஞ்சினுக்கு வெச்சாத்தானுங்க பூசை.”

நானும் நாலு புத்தகம் படித்தவன்தான். பானட்டைத் திறக்காமல் பூஜை போடலாம் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. பழனிச்சாமி மூடியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார்.

உள்ளே பச்சைப் பலகைகள். எது இன்ஜின்? ஓரமாக நின்ற சின்னப் பலகையின் அடி விளிம்பு தங்கம் மாதிரி மின்னியது. தங்கம் என்றால் முக்கியமாகத்தானே இருக்கும்? கை போகவில்லை. அதனால் பலகையையே உருவி எடுத்து, அந்தத் தங்க விளிம்பில் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, நடுவே குங்குமமும் வைத்து, பக்தியோடு பழையபடி செருகினேன்.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை ஆபரேட்டர் கோகிலா சுவிட்சைப் போட்டாள். இந்த மெஷினுக்கு ஒரு பழக்கம். கண் விழித்ததும் தன் ஞாபகத்தைத் தானே எண்ணிப் பார்க்கும். திரையில் எண் ஏறிக்கொண்டே போகும். அன்று பாதியில் நின்றுவிட்டது. கீழே ஒரு வரி — மெமரி எரர்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். தம்மம்பட்டியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் கட்டுச்சோற்றோடு வந்து, பிள்ளையின் காலாண்டு ரேங்க் அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் சோற்று மூட்டையை அவிழ்ப்பார்கள். மார்க்கு எல்லாம் மெஷினுக்குள்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். மெஷினைத் தொடுகிறவள் கோகிலா ஒருத்திதான், அப்படியானால் கெடுத்தவளும் அவள்தான் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் அந்தப் பெண் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நாமகிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற பெண். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. இந்தச் செய்தியை அவளிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு யாருக்கு? மேனேஜருக்கு.

சொன்னேன். கொஞ்சம் வருத்தமான முகத்தோடுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை? பொட்டுக்கும் ரிப்பேருக்கும் சம்பந்தம் இருக்காது என்று முதல் நாள் சமாதானம். இரண்டாம் நாள், இன்ஜினியர் வரட்டும், தானே சரியாகிவிடும். மூன்றாம் நாள், இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்களே... மெஷினுக்கு ஞாபகம் தப்பினால் திரையில் எழுதிவிட்டு யோக்கியமாக நின்றுவிடுகிறது. நமக்கோ, தப்ப வேண்டிய நேரம் பார்த்துத்தான் தப்புகிறது.

சனிக்கிழமைக்கு வருவோம். இன்ஜினியர் முதலில் இரும்பு பீரோவைத் தொட்டார். உடம்பில் இருக்கும் மின்சாரம் பலகைக்குள் போய்விடக் கூடாதாம். நான் எதைத் தொட்டேன்? சந்தனக் கிண்ணத்தை. பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார். கடைசியாக, பொட்டு வைத்த மெமரி போர்டை மூக்கருகே கொண்டுபோனார். கோகிலாவைப் பார்த்தார். தாளாளரும் கோகிலாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

பென்சில் அழிக்கிற ரப்பர் கேட்டார். என் மேஜையிலிருந்து நானே ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். கொலைக்கு உதவியவன் ரத்தக் கறையைக் கழுவத் தண்ணீர் ஊற்றுகிற சுறுசுறுப்பு. விளிம்பைத் தேய்த்துத் துடைத்துச் செருகினார். எண் ஏறியது. அதே இடத்தில் நின்றது. ஈரம் உள்ளே இறங்கி அரித்துவிட்டது, இனி இது தேறாது என்று பையிலிருந்து புதுப் பலகை ஒன்றை எடுத்தார்.

மறுபடி எண் ஏறியது. நின்ற இடத்தைத் தாண்டியது. கடைசிவரை போய், பீப் என்றது. கோகிலா உட்கார்ந்து தட்டினாள். மார்க்கு எல்லாம் பத்திரமாக இருந்தது.

அப்பாடா என்று கிளம்பப் போனேன். இன்ஜினியர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“பழுதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?”

தாளாளர் கோகிலா பக்கம் திரும்பினார். “சொல்லு அம்மணி. உம்பட கைதானே இதுல பட்டுது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. “நான்தாங்க. பூஜைக்குப் பொட்டு வெச்சேன்.”

தாளாளர் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடம் ஆறு லாரி இருக்கிறது. ஆறுக்கும் பானட்டைத் திறந்துதான் பூஜை.

“பூசை போட்டதுக்கு உங்களை என்னனு திட்டறதுங்க? நாலு நாளா இந்தப் புள்ளய மாட்டி உட்டுட்டு நின்னீங்க பாருங்க...” என்றவர், பலகையை என் கையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. கோகிலாவிடம் குரல் இறங்கியது. “நீ வேலையப் பாரு சாமி. அடுத்த மாசமும் வரோணும்.”

இன்ஜினியர் கட்டத்தில் ‘வெளிப்பொருள் படிந்தது’ என்று எழுதினார். பண்பான மனிதர்.

ரேங்க் அட்டைகள் கரகரவென்று அச்சாகத் தொடங்கின. தாளாளர் போனதும் கோகிலாவிடம் போய் மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தேன். அவள் காகிதத்தைக் கிழித்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“செவ்வாக்கெழமையே பழனிச்சாமி அண்ணனக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேனுங்க சார். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் பாத்துட்டு, நானே சொல்லிரலாம்னு இருந்தேனுங்க.”

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு நாற்பது.